வாசலில் நிற்கும் கணிப்பொறி

கொரோனா என்ற சொல்லை நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் அப்போதுதான் உச்சரிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் வெளியிட்டனர். புதிய கிருமியின் மேற்புறத்து முட்களில் நான்கு சிறு துண்டுகள் செருகப்பட்டிருப்பதாகவும், அவை எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியின் பகுதிகளை ஒத்திருப்பதாகவும், இவ்வொற்றுமை தற்செயலாக ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை என்றும் அக்கட்டுரை கூறிற்று. அவ்வளவுதான்! கிருமியை மனிதனே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டான் என்ற பேச்சு உலகெங்கும் பறந்தது.

விஞ்ஞானிகள் பலர் உடனே எழுந்து பிழையைச் சுட்டினர். ஒப்பிடப்பட்ட துண்டுகள் மிக மிகச் சிறியவை. அத்தகைய துண்டுகளை எத்தனையோ உயிர்களின் புரதங்களில் காணலாம். இரண்டு நூல்களில் 'வந்து நின்றான்' என்ற சொற்கள் இருக்கின்றன என்பதற்காக, ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது எழுதப்பட்டது என்று வழக்காட முடியுமா? பிப்ரவரி 2ஆம் நாள் ஆசிரியர்களே தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இடைப்பட்டது இரண்டே நாள். வதந்திக்கு இரண்டு நாள் தாராளமாகப் போதும்.

இப்படியொரு கட்டுரையை வாசலிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா என்று அன்று பலரும் கேட்டனர். இக்காலத்தில் அந்த வாசலில் மனிதரோடு கணிப்பொறியும் நிற்கிறது. அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க இயலாது என்பதை அறிந்துகொள்வது, பிள்ளைகளை அறிவியல் படிக்க வைத்திருக்கும் இல்லங்களுக்கும், மருத்துவச் செய்திகளை நம்பி மருந்து வாங்கும் இல்லங்களுக்கும் மிகவும் தேவையானது.

முதலில் அந்த வாசல் எதுவெனச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதினால் அதை அறிவியல் இதழுக்கு அனுப்புவார். இதழாசிரியர் அதை அத்துறை வல்லுநர் இருவர் மூவரிடம் கொடுப்பார். அவர்கள் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பின்னர் அச்சேறும். இதற்கு மாதங்கள் ஆகும். சில நேரங்களில் ஆண்டும் கடந்துவிடும். அதுவரை காத்திராமல், எழுதியதை நண்பர்களுக்கு நகலெடுத்துத் தபாலில் அனுப்பும் வழக்கம் பௌதிக அறிஞர்களிடையே நெடுங்காலமாக இருந்து வந்தது. அச்சுக்கு முந்திய அந்தப் பிரதிக்குப் 'பிரீபிரிண்ட்' என்று பெயர். நாம் முன்பதிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

தபால் யாருக்கு வரும்? பெரிய பல்கலைக்கழகத்தாருக்கு வரும். மூலையிலிருக்கும் கல்லூரிக்கு வராது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பார்க் என்ற பௌதிக அறிஞர், முன்பதிப்புகளைக் கணிப்பொறி ஒன்றில் சேர்த்துவைத்து, கேட்டவர்க்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 'ஆர்க்கைவ்' என்று இன்று அழைக்கப்படும் கருவூலம் அதுவே. 2001இல் அது கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. நம் நாட்டு ஆய்வாளர்கள் விரைவாக எடுத்துப் படிக்கும் பொருட்டு, அதன் மறுபிரதியொன்று சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. உயிரியலுக்கென 2013இல் 'பயோ-ஆர்க்கைவ்' தோன்றியது. மருத்துவத்துக்கு 2019இல் 'மெட்-ஆர்க்கைவ்' வந்தது. தில்லிக் கட்டுரை வெளியானது பயோ-ஆர்க்கைவில்தான்.

இக்கருவூலங்களால் விளைந்த நன்மையை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. அதே 2020இல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். டெக்சாமெத்தசோன் என்பது பல்லாண்டுகளாகப் புழக்கத்திலுள்ள மலிவான மருந்து. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் நடத்திய 'ரெக்கவரி' ஆய்வு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே இம்மருந்து இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று கண்டது. ஜூன் 16ஆம் நாள் முடிவை அறிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் முழுக் கட்டுரையும் மெட்-ஆர்க்கைவில் வந்துவிட்டது. எந்த நாட்டு மருத்துவரும் கணக்கை எடுத்துப் பார்க்க முடிந்தது. இதழில் அச்சேறியது ஜூலையில். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த இடைவெளி என்னவென்பதை, அந்த ஆண்டில் உறவினரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

வல்லுநர் பார்த்து அச்சேறியதெல்லாம் சுத்தத் தங்கம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வொன்றைப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ் 2020 மே 22ஆம் நாள் வெளியிட்டது. அதற்கு அடிப்படையாகச் சொல்லப்பட்ட நோயாளிப் பதிவுகளைச் சுதந்திரமாகச் சரிபார்க்க இயலாமற்போனதால் ஜூன் 4ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, இதழ் என்றால் மெய், முன்பதிப்பு என்றால் பொய் என்று பிரித்துவிட முடியாது.

இனி வாசலுக்கு வருவோம். ஆர்க்கைவில் சேர்ந்த கட்டுரைகளின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டியது. 2024இல் மாதத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. வேலை நாள்களை மட்டும் எண்ணினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம். இவற்றைப் பார்க்க வேண்டிய நெறியாளர்கள் சம்பளம் வாங்காத அறிஞர்கள். வகுப்பு முடித்து, தம் ஆய்வையும் கவனித்து, மிச்ச நேரத்தில் இதைச் செய்பவர்கள். கட்டுரை மெய்யா என்று அவர்கள் ஆராய்வதில்லை. இது அறிவியல் கட்டுரை போல இருக்கிறதா, சரியான பிரிவுக்கு வந்திருக்கிறதா என்பதே அவர்கள் பார்ப்பது. 2004 முதல், புதிதாக வருபவருக்கு ஏற்கெனவே அத்துறையில் எழுதியவரின் பரிந்துரை வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. கட்டுரை பெருகப் பெருக, நெறியாளருக்குக் கைகொடுக்கக் கணிப்பொறி வந்தது.

அது செய்யும் முதல் வேலை, திருட்டைக் கண்டுபிடிப்பது. வந்த கட்டுரையின் சொற்றொடர்களை ஏற்கெனவே உள்ள இலட்சக்கணக்கான கட்டுரைகளோடு ஒத்துப்பார்த்து, இன்னின்ன இடம் இன்ன கட்டுரையில் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிடும். இது மனிதரால் ஆகாத காரியம், கணிப்பொறிக்கு எளிது. இதில் எனக்கு மறுப்பேதுமில்லை.

இரண்டாவது வேலை நுட்பமானது. அதன் கதை சுவையானது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் மூவர் 'சைஜென்' என்றொரு நிரலை எழுதினார்கள். பொத்தானை அழுத்தினால் தலைப்பு, வரைபடம், மேற்கோள் பட்டியல் உட்பட ஒரு கணிப்பொறியியல் கட்டுரை வந்து விழும். பொருள் மட்டும் இராது! அப்படிச் செய்த கட்டுரையொன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப, அதுவும் ஏற்கப்பட்டது. வேடிக்கைக்குச் செய்ததை வேறு பலர் வினையாகவே செய்யலாயினர். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலுள்ள சிரில் லாபே என்பவர், ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. ஆகிய பெரும் பதிப்பகங்களின் வெளியீடுகளில் இத்தகைய போலிகள் நூற்றிருபதுக்கும் மேல் கிடப்பதைக் கண்டறிந்தார். 2014இல் அவை நீக்கப்பட்டன. இதே லாபே அதற்கு முன்பே, இல்லாத ஓர் அறிஞரைப் பெயர் சூட்டிப் படைத்து, சைஜென் கட்டுரைகளை அவர் பெயரில் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி அடுக்கி, கூகுளின் கணக்கில் ஐன்ஸ்டைனைவிட உயர்ந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தவர்.

அப்போலிகள் எங்கள் வாசலில் நுழைந்திருக்க முடியாது என்று கின்ஸ்பார்க் 2014இல் எழுதினார். எப்படித் தெரியுமா? தமிழில் 'என்று', 'ஆனால்', 'அந்த' என்பன போல ஆங்கிலத்திலும் சின்னஞ்சிறு சொற்கள் உண்டு. எழுதுகிறவர் அவற்றை எண்ணி இடுவதில்லை. உணவில் உப்பைப் போல அவை தாமாகவே ஓர் அளவில் விழும். அந்த அளவு பிசகினால் நமக்கு நாக்கு சொல்வது போல, கணிப்பொறிக்கு எண்ணிக்கை சொல்லிவிடும். மனிதர் எழுதிய கட்டுரைகளெல்லாம் ஒரு பக்கம் கூடி நிற்க, இயந்திரம் எழுதியவை தனியே விலகி நின்றன. ஒரு துறையின் பேச்சுமுறை அறியாமல் ஐன்ஸ்டைனையே பொய்ப்பித்துவிட்டேன் என்று எழுதுபவர்களும் இவ்வாறே தனித்துத் தெரிவார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணிப்பொறி எடைபோட்டது கட்டுரையின் நடையை. கட்டுரை சொல்வது உண்மையா என்ற கேள்வி எழவே இல்லை.

தில்லிக் கட்டுரையை இச்சல்லடையில் இட்டால் என்ன ஆகும்? எழுதியவர்கள் உண்மையான கல்விநிலையத்தவர். நடை அத்துறையின் நடை. திருட்டில்லை. மாவோடு சேர்ந்து நுண்ணிய தவிடும் கீழே இறங்கிவிடுவது போல இறங்கியிருக்கும், இறங்கத்தான் செய்தது. அதன்பின் பயோ-ஆர்க்கைவ் நிர்வாகிகள், இக்கட்டுரைகள் வல்லுநர் பரிசீலனைக்கு உட்படாதவை என்ற அறிவிப்பைப் பக்கத்தின் உச்சியில் பதித்தனர். கணிப்பொறிக் கணக்கை மட்டுமே வைத்துக்கொண்டு கொரோனாவுக்கு இன்ன மருந்து உதவும் என்று ஊகிக்கும் கட்டுரைகளை ஏற்பதில்லை என்றும் முடிவெடுத்தனர். இரண்டும் மனிதர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள்.

சல்லடை வைத்தால் அதற்குத் தக்க தந்திரமும் பிறக்கும். திருட்டைக் கணிப்பொறி பிடிக்கிறது என்றதும், திருடிய வரிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல்லைத் தானாகவே மாற்றித் தரும் நிரல்கள் புறப்பட்டன. அவற்றுக்குக் கலைச்சொல்லென்றும் பொதுச்சொல்லென்றும் வேறுபாடு தெரியாது. 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'கள்ள உணர்வு' ஆயிற்று. 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சகப் பேராபத்து' ஆயிற்று. நான் தமிழில் விளையாடுகிறேன் என்று எண்ணாதீர்கள். ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தவை ஏறத்தாழ இப்படித்தான். லாபேயும், துலூஸ் நகரின் கியோம் கபனாக்கும், ரஷ்யரான மகசினோவும் சேர்ந்து இவற்றைத் தொகுத்து 2021இல் வெளியிட்டனர். அவர்களின் கட்டுரையும் ஆர்க்கைவில் முன்பதிப்பாகவே வந்தது. அத்தகைய 'சித்திரவதைச் சொற்களை' வைத்து ஐயத்துக்குரிய கட்டுரைகளைத் தேடித்தரும் கணிப்பொறி ஏற்பாட்டையும் கபனாக் நடத்தி வருகிறார். அங்கே கணிப்பொறி தீர்ப்பு வழங்குவதில்லை. இதைப் பாருங்கள் என்று காட்டுகிறது, பார்ப்பவர் மனிதர்.

இவ்வகைப் பிழைகளில் ஒன்றை நம் வாசகர்கள் தனியே சுவைப்பார்கள். 'வருடும் மின்னணு நுண்ணோக்கி' என்றோர் ஆய்வுக் கருவி உண்டு. சில கட்டுரைகளில் அது 'தழைவளர் மின்னணு நுண்ணோக்கி' என்று வந்திருந்தது. அப்படியொரு கருவி உலகில் இல்லை! 1959ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைக் கணிப்பொறியில் ஏற்றியபோது, பக்கத்தின் இரு பத்திகளிலுமிருந்த சொற்கள் குறுக்கே ஒட்டிக்கொண்டு இத்தொடர் உருவானது ஒரு வழி. ஈரானிய ஆய்வாளர்களின் கட்டுரைகளில் அது தோன்றியதற்கு வேறொரு காரணத்தையும் கருதுகின்றனர். பாரசீகத்தில் 'ரூபிஷி' என்றால் வருடுதல் சார்ந்தது. 'ரூயிஷி' என்றால் தழைவளர்ச்சி சார்ந்தது. எழுத்தில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? முன்னதில் 'பே', பின்னதில் 'யே'. சொல்லின் நடுவில் வரும்போது கீழே ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா என்பதுதான். மதரஸாவில் ஓதக் கற்கும் ஏழு வயதுப் பிள்ளை காட்டும் கவனத்தை, அக்கட்டுரைகள் கடந்து வந்த வாசல்களில் யாரும் காட்டவில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்-ஜிபிடி வந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. இப்போது இயந்திரத்தின் ஆங்கிலம் பலருடைய ஆங்கிலத்தைவிடச் செம்மையாக இருக்கிறது. உப்பின் அளவும் பிசகுவதில்லை. 2025 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட முன்பதிப்புகளை எடுத்துப் பார்த்தது. அதன் ஆசிரியர்களுள் கின்ஸ்பார்க்கும் ஒருவர். செறிவான நடை முன்பெல்லாம் நல்ல ஆய்வின் அடையாளமாக இருந்தது என்றும், இயந்திர உதவியுடன் எழுதப்பட்டவற்றில் அந்த அடையாளம் நேர்மாறாகத் திரும்பிவிட்டது என்றும் அது கூறியது. முப்பதாண்டுகளாக வாசற்காவலர் நம்பிய குறி கைவிட்டுப்போனது என்று பொருள்.

அப்படியானால் இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தை வைத்துவிடலாமே என்பீர்கள். வைத்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் 'டோஃபெல்' தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தனர். அத்தனையும் மனிதர் எழுதியவை. சராசரியாக நூற்றுக்கு 61க்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அக்கருவிகள் பழி சுமத்தின! அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளையோ பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டன. காரணம் எளிது. அயல்மொழியில் எழுதுகிறவர் தமக்குத் தெரிந்த சில சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். வாக்கியமும் எளிதாக இருக்கும். அதுவே குற்றமாகிவிட்டது.

என் கவலையெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டமேற்படிப்புக்குச் சென்ற நம் பிள்ளை, சிறிய கல்லூரியிலிருந்து, பரிந்துரைக்க ஆளில்லாமல், பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறாள். முகவரியையும் நடையையும் பார்க்கும் கணிப்பொறி முதலில் கை நீட்டுவது அவளிடம்தான். தந்திரம் கற்றவனோ செம்மையான நடையில் பொய்யை எழுதிக்கொண்டு வணக்கம் சொல்லி உள்ளே போய்விடுவான். தபால் எட்டாத மூலைகளுக்காக 1991இல் திறந்த வாசல், அந்த மூலையிலிருப்பவர்களையே நிறுத்தி வைக்கும் வாசலாகிவிடக் கூடாது.

பெரியவர்களின் மாணவர்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2016இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பௌதிக அறிஞர் நிக்கோலா கிசான், தம் மாணவர் இருவரின் கட்டுரைகளை ஆர்க்கைவ் ஏற்காததைப் பற்றி வெளிப்படையாகக் குறை கூறினார். கிசான் பேசியதால் உலகம் கேட்டது. பேச ஆளில்லாதவர்கள் எத்தனை பேரோ! மறுக்கப்பட்டவர்களுக்கென்று ஃபிலிப் கிப்ஸ் என்பவர் 2009இல் 'விக்ஸ்ரா' என்ற தனிக் கருவூலத்தையே தொடங்கினார். ஆர்க்கைவ் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்ட பெயர். சல்லடையே இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதற்கு அது சான்று. நல்லது இருந்தாலும் தேடியெடுக்க யாருக்கும் பொறுமை இராது. எனவே சல்லடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணிப்பொறி சந்தேகப்படட்டும், மறுப்பதென்றால் மனிதர் படித்துவிட்டு மறுக்கட்டும், மறுத்தால் காரணத்தை அந்தப் பிள்ளைக்கு இரண்டு வரியில் எழுதட்டும். இதற்கு நேரமில்லை என்பார்கள். நேரமில்லைதான். 2025 அக்டோபர் இறுதியில் ஆர்க்கைவ் தன் கணிப்பொறியியல் பிரிவில், தொகுப்புரைகளையும் கருத்துரைகளையும் வேறோர் இதழோ மாநாடோ பரிசீலித்து ஏற்ற பின்னரே சேர்த்துக்கொள்வோம் என்று அறிவித்தது. இயந்திர உதவியால் அவ்வகை எழுத்து வெள்ளமாய்ப் பெருகியதே காரணம்.

படிக்கும் வேலையையும் இயந்திரத்திடம் விட்டால் என்னவாகும் என்பதற்கு 2025 ஜூலையில் ஜப்பானின் 'நிக்கேய்' செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தி போதும். எட்டு நாடுகளின் 14 கல்விநிலையங்களைச் சேர்ந்த 17 முன்பதிப்புகளில், வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்தாகவும் கண்ணுக்கெட்டாத பொடி எழுத்தாகவும் மறைவான கட்டளைகள் இருந்தன. கட்டுரையை நல்லவிதமாக மட்டுமே மதிப்பிட வேண்டும் என்று, படிக்கப்போகும் இயந்திரத்துக்கு இட்ட கட்டளை! மனிதக் கண் காணாது. இயந்திரம் கண்டு பணிந்துவிடும்.

வீட்டில் செய்தித்தாளோ கைப்பேசியோ 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று சொல்லும்போது, அக்கட்டுரை முன்பதிப்பா, இதழில் வந்ததா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பதிப்பென்றால் அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பிறகு வந்த திருத்தப் பதிப்புகளும், திரும்பப் பெற்றிருந்தால் அந்தச் செய்தியும் அங்கேயே கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை ஐந்து நாளாக்கி உட்கார்ந்து படித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில், ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொரோனா இறப்பைப் பெருமளவு குறைக்கிறது என்று எகிப்திலிருந்து ஒரு முன்பதிப்பு 'ரிசர்ச் ஸ்கொயர்' என்ற கருவூலத்தில் வெளிவந்தது. பல நாடுகளில் மக்கள் அம்மருந்தைத் தேடி அலைந்தார்கள். இலண்டன் மருத்துவ மாணவர் ஜாக் லாரன்சுக்கு அக்கட்டுரை பாடப் பயிற்சியாக வந்தது. முன்னுரையின் நடை அவருக்கு உறுத்தியது. 'கடுங்கூர்மையான சுவாச நோய்' என்ற நிலைத்த மருத்துவப் பெயர் ஓரிடத்தில் 'மிதமிஞ்சிய தீவிரச் சுவாச நோய்' என்பது போல மாறிக் கிடந்தது. வேறு எழுத்துகளிலிருந்து எடுத்துச் சொல் மாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. தொடர்ந்து எண்களைப் பார்த்தார். கட்டுரை கூறியதற்கும் அதனுடன் இணைந்திருந்த நோயாளிப் பட்டியலுக்கும் பொருந்தவில்லை. 2021 ஜூலையில் கருவூலம் அக்கட்டுரையை விலக்கியது. அதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது; அதைச் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்ட தொகுப்பாய்வுகளையும், அதை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட வேண்டியதாயிற்று.